சத்தமில்லாமல் இறங்குவது

அன்பு மகன் கதிருக்கு,

நேற்று நீ போனில் பேசியபோது நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் தாண்டி வேனை ஓரம்கட்டிவிட்டுத்தான் எடுத்தேன். பின்னால் ஒரு பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததில் நீ சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. "அப்பா, அந்தப் பசங்க சிரிச்சதுதான் இன்னும் காதுல நிக்குது. ஒரு நாள் போயி ஆடிக் காட்டிட்டு வந்துட்டா இன்னாப்பா ஆயிடப் போகுது? அடுத்த நாளே மறந்துடுவாங்க" என்றாய். பெங்களூரில் அந்த நடனப் பள்ளிக்காரர்கள் உன்னை முழுநேர ஆசிரியராகக் கூப்பிடுகிறார்கள் என்றும், இந்த வாரத்துக்குள் பதில் சொல்லவேண்டும் என்றும், ஒப்புக்கொண்டால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் பாலே ஆடிக்காட்டுவதை விட்டுவிட வேண்டியதுதான் என்றும் சொன்னாய். நான் "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பேச்சில் எனக்கு அவ்வளவுதான் வரும். பந்தல் வேலைக்காரனுக்குக் கத்திப் பேசத்தான் தெரியும். நிதானமாகச் சொல்லவேண்டியதை எழுதினால்தான் உண்டு. அதனால் இன்று காலை அடி அண்ணாமலை குடோனில் சாமியானாத் துணி மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மேடையில் நின்ற உனக்குத் தெரியாத சிலவற்றை மேடைக்குப் பின்னால் நின்ற நான் பார்த்தேன். நீ ஊருக்குப் போன பிறகு நடந்த ஒன்றையும் பார்த்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு நீ எந்த முடிவு வேண்டுமானாலும் எடு.

ஒரு நாள் பார்த்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவன் நீயாக இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். நீ ஏழாவது படிக்கும்போது உங்கள் பள்ளியில் புதுச்சேரிக்கு டூர் அழைத்துப் போனார்கள். காலையில் கடற்கரை, மத்தியானம் ஏதோ தோட்டம், சாயங்காலம் ஒரு ஹாலில் பிரான்சிலிருந்து வந்த குழு பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆடிக்காட்டியது. பஸ்ஸில் போன பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஏசி குளிரில் தூங்கிவிட்டார்கள் என்று உன் வாத்தியார் பிறகு என்னிடம் சொன்னார். நீ தூங்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் கடலைப் பற்றி உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் நான் பல் விளக்கிவிட்டு உள்ளே வந்தால், நீ சமையலறை மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குதிகால் இரண்டையும் தூக்கி, விரல் நுனியில் நின்றுகொண்டிருக்கிறாய். முள் குத்திவிட்டதாக்கும் என்று உன்னை உட்காரவைத்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "முள்ளு இல்லப்பா. அவங்க இப்படித்தான் நின்னாங்க" என்றாய். "எவங்கடா?" என்று அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். நீ சொல்லத் தெரியாமல் மறுபடி எழுந்து நின்று காட்டினாய். அந்தத் தோசை கருகிப்போனது. ஒரு சாயங்காலம்தான் நீ பார்த்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமை சனிக்கிழமையாகப் புதுச்சேரி பஸ் ஏறினாய், அங்கே ஒரு அம்மாள் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் பெங்களூர், அப்புறம் பெல்ஜியம், அங்கே சில வருஷம், மறுபடி பெங்களூர். இவ்வளவும் அந்த ஒரு சாயங்காலத்திலிருந்து வந்தவை.

ஊரில் என்னிடம் "பையன் எங்க இருக்கான்?" என்று கேட்பார்கள். "பெங்களூர்ல கம்பெனில இருக்கான்" என்பேன். "எந்த சாஃப்ட்வேர் கம்பெனி?" என்பார்கள். "டான்ஸ் கம்பெனி" என்பேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பார்கள், நான் கிண்டல் செய்கிறேனா என்று. உன் சித்தப்பாவின் சம்பந்தி ஒருவர் கல்யாணப் பந்தியில் வைத்து, "ஆம்பளப் பையனுக்கு அதுல இன்னாங்க வேல?" என்று கேட்டார். "பொண்ண ஒத்தக் கையில தலைக்கு மேல தூக்கறான். உங்களால முடியுங்களா?" என்றேன். அவர் பாயசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஆனால் கதிர், இப்படியெல்லாம் வாய் பேசிய நான் நீ ஆடி நேரில் பார்த்ததே இல்லை. உன் நிகழ்ச்சிகள் எல்லாம் முகூர்த்த நாளிலோ கார்த்திகை தீபத்தை ஒட்டியோதான் வரும். அப்போதெல்லாம் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. போனில்தான் பார்த்தேன். சின்னக் கண்ணாடிக்குள் கட்டைவிரல் உயரத்துக்கு நீ குதிப்பாய். அழகாக இருக்கும். ஆனால் மழையை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல, எனக்கு எதுவும் நனையாது.

அதனால்தான் நீ ஆடி மாதம் வருகிறேன் என்றபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆடியில் கல்யாணம் கிடையாது, அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற பந்தல்கள்தான். நீயும் உன்னோடு ஆடுகிற நந்தினியும் வந்து இறங்கினீர்கள். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கிற அந்த அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியை அம்மா ஒரு காலை நேரத்தைக் கொடுத்திருக்கிறார் என்றாய். "மேடை மட்டும் நீங்க போட்டுக் குடுங்கப்பா" என்றாய். இதென்ன பெரிய விஷயம், அமைச்சர் நிற்கிற மேடையே போட்டவனுக்கு என்று நினைத்தேன். நீ குடோனில் நம் மேடைப் பலகையில் ஏறி லேசாகக் குதித்துப் பார்த்துவிட்டு, "இது கல்லு மாதிரி இருக்குப்பா. இதுல ஆடினா முட்டி போயிடும். குதிச்சா கொஞ்சம் கீழ போயி மேல வரணும்" என்றாய். எனக்குத் தலை சுற்றியது. "டேய், ஆடாத மேடை போடறவன்னுதான்டா எனக்கு மாவட்டத்துல பேரு. நீ வந்து ஆடற மேடை கேக்குற!" என்றேன். இஸ்மாயில் விழுந்து விழுந்து சிரித்தார். என்னோடு சேர்ந்து பந்தல் தொழிலைத் தொடங்கியவர், உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷர், அவர் சிரித்தால் யாருக்கும் கோபம் வராது.

அந்த வாரம் முழுவதும் நாம் மூன்று பேரும் செய்த வேலை என் தொழிலிலேயே நான் ரசித்துச் செய்த வேலை. முதலில் பழைய டயர் டியூபையும் ஸ்பாஞ்சையும் வெட்டி அடியில் கொடுத்தோம். நீ ஏறி நின்றதும் மேடை கயிற்றுக்கட்டில் மாதிரி உன்னைத் தூக்கிப் போட்டது. "ஜாஸ்தி" என்றாய். ஸ்பாஞ்சைக் கம்மி செய்தோம், மெல்லிய ரீப்பர் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம், மேலே ப்ளைவுட், அதன் மேலே நீ கொண்டுவந்த வழுக்காத விரிப்பு. ஒவ்வொரு தடவையும் நீ வெறுங்காலோடு குதிப்பாய், கண்ணை மூடி நிற்பாய், "இந்த மூலை மட்டும் கிறீச்சுனு பேசுது மாமா" என்று இஸ்மாயிலிடம் சொல்வாய், அவர் படுத்துக்கொண்டே அடியில் நகர்ந்து போய் எதையோ செருகுவார். கிரிவலப் பாதையில் நடந்துபோனவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். நந்தினி விரல் நுனியில் நின்று சுற்றியதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள், "இன்னா படம் ஷூட்டிங்கு?" என்று கேட்டார். "படம் இல்லம்மா, பள்ளிக்கூடப் பசங்களுக்கு" என்றேன். "பசங்களுக்கா!" என்று சொல்லிவிட்டு, கூட வந்தவர்கள் போய்விட்ட பிறகும் அங்கேயே நின்றார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். காற்று பலமாக அடித்தது, சாமியானா படபடவென்று அடித்துக்கொண்டது, பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் நந்தினி தனியாக ஆடினாள். விரல் நுனியில் எழுந்து நின்றதும் பெண்பிள்ளைகள் பக்கம் "ஐயோ" என்று ஒரு சத்தம். நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். அப்புறம் நீ வந்தாய், அந்தக் கால் ஒட்டிய கறுப்பு உடையில். வந்து நின்ற அடுத்த நொடி பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், அண்ணன் பேண்ட்டு போட மறந்துட்டாருடா!" அவ்வளவுதான். மைதானமே சிரித்தது. முன்னால் இருந்த பொடிசுகள் எதற்கென்று தெரியாமலே சிரித்தன. ஆசிரியர் ஒருவர் எழுந்து அதட்டினார். அது சிரிப்பை இன்னும் கூட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் ஊர், நான் போட்ட மேடை, என் பிள்ளை. படுதாக் கயிறு என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. "பாய், இழுத்து மூடிடலாமா?" என்று கேட்டுக் கயிற்றைப் பிடித்தும் விட்டேன். இஸ்மாயில் என் மணிக்கட்டைப் பிடித்தார். "இருங்கண்ணா. தம்பி நம்மளக் கூப்பிடலியே" என்றார்.

உண்மைதான். நீ எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தோள் இறங்காமல், முகம் சுருங்காமல், சிரிப்பு ஓயும்வரை அப்படியே நின்றாய். பிறகு பாட்டை நிறுத்தச் சொல்லி எனக்குக் கை காட்டினாய். மேடை விளிம்புக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். "சிரிச்சாச்சா? பாக்கி இருந்தா அதையும் சிரிச்சிடுங்க. நானும் உங்க வயசுல மொத வாட்டி பாத்தப்போ சிரிச்சேன்" என்றாய். புதுச்சேரியில் நீ சிரித்தாய் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். "ஏன் இப்படி ஒட்டுனாப்புல போட்டுனு வந்துருக்கேன்? யாராவது சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டாய். முன்வரிசைப் பொடியன் ஒருவன் எழுந்து, "காத்துல பறக்காம இருக்க!" என்றான். இந்தத் தடவை நீயும் சேர்ந்து சிரித்தாய். "அதுவும் கரெக்ட்டுதான். கபடி ஆடறவங்க வேட்டி கட்டினு ஆடுவாங்களா? என் கால் இன்னா பண்ணுதுனு உங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான்" என்றாய். அந்த மைதானத்தில் கபடி ஆடாத பையன் கிடையாது. அவர்கள் தலையாட்டியதை நான் பார்த்தேன்.

அடுத்து நீ செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. "இந்த ஸ்கூல்ல ஜாஸ்தி ஒசரம் தாண்டறது யாரு?" என்று கேட்டாய். "துர்கா! துர்கா!" என்று எல்லாரும் கத்தினார்கள். ஒன்பதாவது படிக்கிற பெண், நெடுநெடுவென்று இருந்தாள், தோழிகள் தள்ளித் தள்ளி மேலே ஏற்றிவிட்டார்கள். குதிக்கச் சொன்னாய். துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தாள் பார், நல்ல உயரம். ஆனால் இறங்கும்போது தொம்மென்று ஒரு சத்தம், ஸ்பீக்கர் ஸ்டாண்டே ஆடியது. "ஒசரத்துல நீ என்னவிட ஜாஸ்தி" என்று அவளிடம் சொன்னாய். அது பொய் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அவள் முகம் மலர்ந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இப்போ நான் குதிக்கிறேன். எல்லாரும் கண்ண மூடிக்குங்க. நான் எறங்கற சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்றாய். பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். ஆசிரியர்களும் மூடினார்கள். சற்று முன்பு அப்படிச் சிரித்த அந்த மைதானம், ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. காற்றுகூட எனக்கு அப்போது கேட்கவில்லை. நான் மட்டும் கண்ணை மூடவில்லை. நீ எழும்பினாய். மேலே ஒரு கணம் நின்றாய். மனுஷன் அப்படி நிற்க முடியாது, ஆனால் நின்றாய். பிறகு இறங்கினாய், முதலில் விரல், அப்புறம் பாதம், அப்புறம் முட்டி மடங்கியது, என் மேடை உன்னை வாங்கிக்கொண்டது. ஒரு கைகூட உயரவில்லை. கொஞ்ச நேரம் போனது. பின்வரிசையிலிருந்து அதே குரல், பேண்ட்டைப் பற்றிக் கத்திய அதே பையன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டே கெஞ்சினான்: "அண்ணா, குதிங்கண்ணா! எவ்ளோ நேரம் வெயிட் பண்றது!"

"குதிச்சு முடிச்சிட்டேன்டா" என்றாய்.

அப்போது எழுந்த கூச்சல் இருக்கிறதே, அதை நீ ஏன் காதில் வைத்துக்கொள்ளவில்லை, கதிர்? சிரிப்பு மட்டும் எப்படி உன்னோடு பெங்களூருக்கு பஸ் ஏறியது? "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீ மறுபடி குதித்தாய். பாதிப்பேர் விரலிடுக்கு வழியாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் அந்தப் பட்டக் கதையை ஆடினீர்கள். நந்தினி பட்டம், நீ அதை விடுகிறவன். கையில் நூல் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் அவள் மேலே மேலே போக, நீ இழுத்து இழுத்து விட, இரண்டு பேருக்கும் நடுவில் நூல் இருப்பது எனக்கே தெரிந்தது. ஒரு கட்டத்தில் நீ அவளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தாய். பந்தியில் நான் பெருமையடித்த அந்தத் தூக்கலை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். உன் மூச்சு எனக்குக் கேட்டது. உன் நெற்றி வியர்வை விரிப்பில் விழுந்தது. அந்தக் கை நடுங்காமல் இருப்பதற்கு உன் முதுகு படுகிற பாடு தெரிந்தது. போனில் இதெல்லாம் இல்லை. முன்வரிசைப் பொடியன் எழுந்து நின்று, "விட்டுடாதண்ணா! நூல விட்டுடாத!" என்று அலறினான். கடைசியில் நூல் அறுந்து பட்டம் போனபோது, நீ வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அங்கே ஒரு குழந்தை விசும்பியது கேட்டது. நான் இஸ்மாயிலைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டுவது போல ஏதோ செய்தோம்.

உடனே சத்துணவு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு நிமிஷத்தில் மைதானம் காலி. நீ மேடை ஓரத்தில் உட்கார்ந்து முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு அந்த வெறும் மைதானத்தைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். நேற்று நீ பேசியது அந்தப் பார்வையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். கதிர், பசித்த பிள்ளை சோற்றுக்கு ஓடும். அது உன் ஆட்டத்துக்கான மார்க் கிடையாது. அன்று சாயங்காலமே நீங்கள் கிளம்பவேண்டியிருந்தது. மேடையை அப்புறம் கழற்றிக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் பாட்டுக் கச்சேரிக்கு மேடை கேட்டிருந்ததால், பலகைகளை எடுத்துவர நானும் இஸ்மாயிலும் வேனில் போனோம். இடைவேளை நேரம். மைதானத்தில் ஓடி விளையாட ஒரு பிள்ளையும் இல்லை. எல்லாரும் நம் மேடையைச் சுற்றி இருந்தார்கள். மேடைக்குக் கீழே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. யாரும் கழற்றச் சொல்லவில்லை, நந்தினி விரிப்பில் செருப்புக் காலோடு ஏறாததைப் பார்த்து அவர்களாகச் செய்திருக்கிறார்கள். மேலே ஒருத்தி நின்றாள். சுற்றி இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவள் குதித்தாள். தொம். "அவுட்டு!" என்று எல்லாரும் கத்த, அவள் இறங்க, அடுத்தவன் ஏறினான். உனக்குப் புரிகிறதா? அவர்கள் அதை ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். சத்தம் கேட்டால் அவுட், கேட்காவிட்டால் மறுபடி குதிக்கலாம். அந்தப் பேண்ட்டுப் பையன்தான் நடுவர். "காது குடுத்துக் கேளுங்கடா" என்று மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தான். முட்டியை எப்படி மடக்கவேண்டும், எந்த விரல் முதலில் படவேண்டும் என்று ஒருவருக்கொருவர் சண்டை. "அந்த அண்ணன் குதிகால மொதல்ல வைக்கலடா" என்று ஒருத்தி சத்தியம் செய்யாத குறை. இஸ்மாயில் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

தலைமை ஆசிரியை அம்மா வெளியே வந்தார். "சார், எங்க மேடையக் கழட்டவா வந்துருக்கீங்க?" என்றார். எங்கள் மேடை! நான் கச்சேரி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. "பசங்க கிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னால ஆவாது" என்றார். நான் பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்கள் எங்கள் வேனைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே பேச்சை நிறுத்தியிருந்தார்கள். இஸ்மாயில் என் காதருகே, "அண்ணா, பாட்டு பாடறவங்க குதிக்கவா போறாங்க? அவங்களுக்கு நம்ம பழைய மேடையே போதும்" என்றார். என் வாயில் வரவேண்டிய வார்த்தை அது. அவர் முந்திக்கொண்டார். அந்த மேடை இப்போது அங்கேயேதான் இருக்கிறது. மழை வந்தால் எடுத்து வைக்க வராண்டாவில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்னொன்று செய்ய மரம் வாங்கிவிட்டேன், இந்தத் தடவை மடக்கி வேனில் ஏற்றுகிற மாதிரி. இதைப் படித்துவிட்டு அப்பா நம்மை நெருக்குகிறார் என்று நினைக்காதே. யாரும் ஏறாவிட்டாலும் மேடை செய்வது எனக்குப் பிடித்த வேலை.

முடிவு உன்னுடையது. அம்மா அந்த வேலையை எடுத்துக்கொள் என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உன் முட்டி காலத்துக்கும் இப்படியே இருக்காது, மாதச் சம்பளம் என்பது ஒரு நிம்மதி. நான் சொல்வதெல்லாம், ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டுத்தான் ஆகவேண்டும் என்று நீயாக முடிவுகட்டாதே. வாய் திறந்து அவர்களிடம் கேள். வருஷத்தில் கொஞ்ச காலம் பள்ளிகளுக்குப் போய் ஆடுவேன், அதற்குச் சம்மதமா என்று கேள். கேட்காமலே இல்லை என்று நினைத்துக்கொள்வது சின்ன வயதிலிருந்தே உன் பழக்கம். ஷூ கிழிந்ததைக்கூட விரல் வெளியே வந்த பிறகுதான் சொல்வாய். சிமென்ட் தரையில் மட்டும் ஆடாதே, எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் கெஞ்சினாலும் ஆடாதே. ஒரு கூட்டத்தை முதல் நிமிஷத்தில் எடைபோடாதே; கடைசி நிமிஷத்திலும் எடைபோடாதே, அப்போது மணி அடித்துவிடும். நந்தினியை நன்றாகச் சாப்பிடச் சொல். அந்தப் பெண் இட்லியை எண்ணிக்கொண்டு சாப்பிடுவது அம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கலாக இருக்கிறது.

மேடையை எடுக்கப் போன அன்று, கிளம்பும்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். துர்கா வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அங்கிள், அந்த அண்ணன் மறுபடி எப்ப வருவாங்க?" என்றாள். தெரியாதும்மா என்றேன். "எனக்கு எறங்கறது வந்துடுச்சு. எறங்கிட்டு அசையாம நிக்கறதுதான் வரல. அத அவங்ககிட்ட கேக்கணும்" என்றாள். மைதானமே சிரித்தபோது நீ அசையாமல் நின்றாயே, அது எனக்கு நினைவு வந்தது. அது உனக்கு எப்படி வந்தது என்று எனக்கும் தெரியாது. பெற்றவனுக்குத் தெரியாத ஒன்று பிள்ளையிடம் இருப்பதைப் பார்ப்பதுபோல ஒரு சந்தோஷம் இல்லை. "நீங்க அவங்களுக்கு யாரு?" என்று கேட்டாள். "அவன் என் பையன்மா" என்றேன். எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ தடவை சொன்ன வார்த்தைதான். அன்று அதை இரண்டு தடவை சொன்னேன். அவள் திரும்பி எல்லாருக்கும் கேட்கும்படி, "டேய், இவருதான் அண்ணனோட அப்பாவாம்!" என்று கத்தினாள். அப்புறம் விடுவார்களா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். செருப்பைக் கழற்றினேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். இஸ்மாயில் "அண்ணா, இடுப்பு, இடுப்பு" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுகூட விடாமல், உன் அப்பாவுக்காகக் காத்திருந்தார்கள். விரல் முதலில், அப்புறம் பாதம், அப்புறம் முட்டி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு குதித்தேன்.

இப்படிக்கு,
முதல் குதியிலேயே அவுட்டான
உன் அப்பா